தலையெழுத்தா, தாமதமா?

பொதுக்கூட்டம் முடிந்தது. ஒலிபெருக்கியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். கொடிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். மேற்கு மாவட்டத்திலே, தறி ஓடாத தெருவே இல்லை என்னும்படியான ஓர் ஊர். பேசிக் காய்ந்த தொண்டைக்குத் தேநீர் தேடி, திடலுக்கு எதிரே இருந்த கடையில் உட்கார்ந்தோம். கூட்டம் கலைந்தது, ஒரு தோழர் மட்டும் கலையவில்லை. தோளிலே குழந்தை, முகத்திலே கவலை. அருகே வந்தார், வணக்கம் சொன்னார், வந்த சேதியைச் சொல்ல மட்டும் தயங்கினார்.

"என்ன தோழர்?" என்றோம்.

"பையனுக்கு ரெண்டரை வயசாச்சுங்க அண்ணா. இன்னும் ஒரு வார்த்தை பேசலீங்க."

பார்த்தோம். துறுதுறுவென்ற கண்கள். மேசை மேலிருந்த தம்ளரைப் பிடுங்கத் துடிக்கும் கைகள். தோழர் அவன் பெயரைச் சொல்லி அழைத்தார். திரும்பவில்லை. உரக்க அழைத்தார். திரும்பவில்லை. கடைக்காரர் கை தவறி ஒரு தட்டைத் தடாலென்று கீழே போட்டார். நாம் திடுக்கிட்டோம், தோழர் திடுக்கிட்டார். குழந்தை திடுக்கிடவில்லை!

"காது கேட்கிறதா என்று பார்த்தீர்களா?"

"தறிச் சத்தத்துலயே பொறந்து வளர்ந்தவனுங்க. சத்தம் பழகிப்போச்சு, அதான் திரும்பறதில்லைன்னு வீட்டுல சொல்றாங்க. நானே நாலு வயசுலதான் பேசினேனாம், எங்கம்மா சொல்லுது. காலம் வந்தாப் பேசுவான்னு..."

காலம் வந்தால் பேசுவான்! எவ்வளவு இனிமையான சொல்! எவ்வளவு ஆறுதலான சொல்! எவ்வளவு கொடுமையான சொல்!

அந்தத் தோழரின் வீட்டுக்கு ஆலோசகர்கள் மூவர் வந்து போயிருக்கிறார்கள். ஒருவர், "போன பிறவியின் பயன்" என்றார். விதியின் மேல் பழியைப் போட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டார். மற்றொருவர், "கண்ணேறு" என்றார்; கயிறு கட்டச் சொன்னார். கட்டினார்கள். நாக்கிலே வசம்பு உரைத்துத் தடவச் சொன்னார். தடவினார்கள். மூன்றாமவர் அனுபவசாலி, அன்புள்ளவர். "அவசரப்படாதே அப்பா, பொறுத்துப் பார்" என்றார்.

முதல் இருவரும் நமக்குப் பழக்கமானவர்கள். அவர்களோடு வாதிட்டு வாதிட்டே நமக்கு நரை கண்டுவிட்டது. ஆனால் இந்த மூன்றாமவர்? பகுத்தறிவு பேசும் வீட்டிலும் இவருக்கு நாற்காலி போடுகிறார்கள். விதியை நம்பாதவரும், "பொறுத்துப் பார்" என்பதை நம்புகிறார். விதிதான் வேட்டியை மாற்றிக் கட்டிக்கொண்டு வந்து நிற்கிறது என்பதை நாம் கவனிப்பதில்லை!

தாமதமாகப் பேசத் தொடங்கி, பிறகு தங்கு தடையின்றிப் பேசுவோர் இல்லையா? இருக்கிறார்கள். மறுக்கவில்லை. ஆனால் எந்தக் குழந்தை தானே பேசிவிடும், எந்தக் குழந்தைக்கு உதவி வேண்டும் என்பதைப் பாட்டி சொல்ல முடியாது, பக்கத்து வீட்டார் சொல்ல முடியாது, பத்துக் கூட்டம் பேசும் நாமும் சொல்ல முடியாது. பரிசோதித்துத்தான் சொல்ல முடியும். பரிசோதித்துக் குறையில்லை என்று தெரிந்தால், நமக்கு நட்டம் ஒரு நாள் கூலி. பரிசோதிக்காமல் விட்டுக் குறை இருந்துவிட்டால், அந்தக் குழந்தைக்கு நட்டம் ஒரு வாழ்நாள். எது மலிவு? கூலி வாங்கும் தோழருக்குக் கணக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்த வாரம் அந்தத் தோழரும், அவருடைய துணைவியாரும், நாமும் அரசு மருத்துவமனைக்குப் போனோம். குழந்தையைத் தூங்க வைத்து, தலையிலே சிறு கம்பிகளை ஒட்டி, காதுக்குள் ஒலியை அனுப்பி, நரம்பு அதை வாங்கிக்கொள்கிறதா என்று கருவியில் பார்த்தார்கள். வாங்கவில்லை. இரண்டு காதிலும் கடுமையான கேளாமை. தறிச் சத்தம் அவனுக்குப் பழகிப் போகவில்லை. தறிச் சத்தம் என்று ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது! கேட்காத காதுக்கு, வசம்பு தடவிய நாக்கு என்ன செய்யும்?

தோழர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "முன்னாடியே கூட்டியாந்திருந்தா?"

டாக்டர் பதில் சொல்லவில்லை. குழந்தையின் சீட்டிலே அடுத்த தேதியை எழுதினார். சொல்லாத அந்தப் பதில்தான் இன்று நம்மை எழுத வைக்கிறது.

குழந்தை எடை கூடுவது வளர்த்தி. குழந்தை பார்க்க, கேட்க, பிடிக்க, உட்கார, நடக்க, பேச, பழக, புரிந்துகொள்ளக் கற்பது வளர்ச்சி. வளர்த்தியைத் தராசு சொல்லும். வளர்ச்சியை நாம்தான் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்குப் படிகள் இருக்கின்றன.

2 மாதத்தில் முகம் பார்த்துச் சிரிக்கும். 4 மாதத்தில் தலை நிற்கும். 8, 9 மாதத்தில் பிடிமானம் இல்லாமல் உட்காரும். பெயர் சொன்னால் திரும்பும். ஓராண்டில் வேண்டியதை விரலால் சுட்டிக்காட்டத் தொடங்கும், ஓரிரு சொல் வரும். ஒன்றரை ஆண்டுக்குள் தானே நடக்கும். 2 ஆண்டில் "அம்மா வா", "பால் கொடு" என்று இரு சொல் சேர்க்கும்.

நாள் தவறாமல் வந்து நிற்கும் இரயில் அல்ல குழந்தை. ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட குழந்தைக்கு, பிறந்த நாளிலிருந்து எண்ணாமல், பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ண வேண்டும். இவை எல்லாம் உண்மை. ஆனால் முந்துவதற்கும் பிந்துவதற்கும் ஓர் எல்லை உண்டு. 3 மாதமாகியும் சிரிக்காத குழந்தை, 9 மாதமாகியும் உட்காராத குழந்தை, ஓராண்டாகியும் பெயருக்குத் திரும்பாத குழந்தை, ஒன்றரை ஆண்டாகியும் நடக்காத, ஒரு சொல்லும் பேசாத குழந்தை, 2 ஆண்டாகியும் இரு சொல் சேர்க்காத குழந்தை: இவர்களை ஒரு டாக்டர் பார்த்தாக வேண்டும். பேசிக்கொண்டிருந்த குழந்தை பேச்சை மறந்தால், பழகிக்கொண்டிருந்த குழந்தை பழகுவதை நிறுத்தினால், எந்த வயதானாலும் மறுநாளே பார்த்தாக வேண்டும்.

இதற்கு இலட்ச ரூபாய் இயந்திரம் வேண்டுமோ என்று மலைக்க வேண்டாம். நமது அண்டை மாநிலமான கேரளத்தில், திருவனந்தபுரத்துக் குழந்தை வளர்ச்சி மையத்தில், டாக்டர் எம்.கே.சி. நாயரும் அவருடைய குழுவினரும் 1991இல் ஓர் அட்டவணையை வெளியிட்டார்கள். பிறந்தது முதல் 2 வயது வரை, மொத்தம் 17 படிகள். குழந்தையின் வயதுக்கு நேரே ஒரு கோலை வைத்துப் பார்த்தால் போதும். கோலுக்கு இடப்புறம் முடிந்திருக்க வேண்டிய படி எதையேனும் குழந்தை எட்டவில்லை என்றால், மேல் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். சில நிமிட வேலை. பால்வாடி ஆசிரியை செய்யலாம், செவிலியர் செய்யலாம். கர்ப்பிணிகளுக்குத் தரும் தாய்-சேய் பாதுகாப்பு அட்டையிலும் வளர்ச்சிப் படிகளைப் படம் போட்டிருக்கிறார்கள். தடுப்பூசித் தேதி பார்ப்பதற்கு மட்டும் அந்த அட்டையைப் புரட்டுகிறோம். படத்தைப் பார்க்காமல் பரணிலே வைத்துவிடுகிறோம்!

ஏன் வருகிறது இந்தத் தாமதம்?

குறை மாதத்தில் பிறப்பதால் வரலாம். பிறந்தவுடன் அழாமல், மூச்சுத் திணறி, மூளைக்கு உயிர்க்காற்று குறைவதால் வரலாம். பிறந்த நாட்களில் கடுமையாகி, மருத்துவமின்றி விடப்பட்ட மஞ்சள் காமாலையால் வரலாம். மூளைக்காய்ச்சலால் வரலாம். பரம்பரைக் கூறுகளால் வரலாம். காதோ கண்ணோ பழுதுபட்டிருப்பதால் வரலாம். எவ்வளவு பரிசோதித்தும் காரணம் பிடிபடாமலும் போகலாம். இந்தப் பட்டியலில் பாவம் இல்லை, சாபம் இல்லை, கிரகணம் இல்லை.

தைராய்டு என்று தொண்டையிலே ஒரு சுரப்பி. அது வேலை செய்யாமலே பிறக்கும் குழந்தைகள் உண்டு. பார்வைக்கு எல்லாக் குழந்தைகளையும் போலவே இருக்கும். பிறந்த சில நாட்களில் குதிகாலில் சில துளி இரத்தம் எடுத்துச் சோதித்தால் கண்டுபிடித்துவிடலாம். முதல் இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்கினால், அந்தக் குழந்தை மற்றக் குழந்தைகளைப் போலவே படிக்கும், விளையாடும். மாதக் கணக்கில் விட்டுவிட்டால், அறிவு வளர்ச்சி குன்றும்; பிறகு மாத்திரையை மூட்டை மூட்டையாகக் கொடுத்தாலும் போனது திரும்பாது. விலை அதிகமில்லாத மாத்திரை! சில துளி இரத்தம்! நெற்றியிலே எழுதிய எழுத்தென்றால் ஒரு மாத்திரையால் அழியுமா, தோழர்களே?

இன்னொரு செய்தி, நம் வீட்டுச் செய்தி. அக்காள் மகளையும் அத்தை மகளையும் கட்டும் வழக்கம் நம்மிடையே இன்னும் தீரவில்லை. சொத்து வெளியே போகாது, சொந்தம் விட்டுப் போகாது என்கிறார்கள். நெருங்கிய இரத்த உறவில், ஒரே பழுதான கூறு தாயிடமும் தந்தையிடமும் மறைந்து கிடக்க வாய்ப்பு அதிகம்; இரண்டும் சேரும்போது குழந்தையிடம் அது வெளிப்படும். மாமன் மகள், அத்தை மகன் போன்ற உறவில் மணந்தோரின் குழந்தைகளுக்குப் பிறவிக் கோளாறு வரும் வாய்ப்பு, மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு என்கிறது மருத்துவம். மணமாகிவிட்டவர்களைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. உறவில் மணந்தோரின் பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கிறார்கள். இனி நடக்கும் திருமணங்களுக்காகச் சொல்கிறோம்.

காரணம் தேடும் இடத்தில், உலகம் எப்போதும் கண்டுபிடிக்கும் குற்றவாளி ஒருத்தி உண்டு. அவள் பெயர் தாய்! "உன் வயிறு சரியில்லை" என்று மாமியார் சொன்னால் அறியாமை என்கிறோம். படித்த அமெரிக்காவும் அதையே சொன்னது. ஆட்டிசம் என்னும் நிலையை 1943இல் லியோ கானர் என்ற டாக்டர் விவரித்தார். தொடர்ந்து சில பத்தாண்டுகள், அன்பு காட்டாத தாயால்தான் குழந்தைக்கு இது வருகிறது என்று கல்விமான்களே எழுதினார்கள். குளிர்பெட்டி போன்ற தாய் என்று பெயரும் சூட்டினார்கள்! பெர்னார்டு ரிம்லண்ட் என்ற உளவியலாளர், தாமே ஆட்டிசம் உள்ள பையனின் தந்தை. 1964இல் அவர் எழுதிய நூலில், இது மூளை வளர்ச்சியைச் சார்ந்தது, தாயின் அன்பைச் சார்ந்ததன்று என்று வாதிட்டார். அறிவியல் அவர் பக்கம் நின்றது.

தாய்க்குப் பிறகு தடுப்பூசியைப் பிடித்தார்கள். 1998இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற இங்கிலாந்து டாக்டர், அம்மைத் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் முடிச்சுப் போட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். 2010இல் அந்தக் கட்டுரையை வெளியிட்ட 'லான்செட்' ஏடே அதைத் திரும்பப் பெற்றது; அதே ஆண்டு அவர் பெயர் டாக்டர்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. பொய் செத்தது, புரளி சாகவில்லை. 2017இல் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டபோது கைப்பேசி கைப்பேசியாக ஓடியது. ஆனால் அந்த ரூபெல்லா கர்ப்பிணியைத் தாக்கினால் என்ன ஆகும் தெரியுமா? குழந்தை காது கேளாமல் பிறக்கலாம், கண்புரையோடு பிறக்கலாம், அறிவு வளர்ச்சி குன்றலாம். வளர்ச்சித் தாமதத்தைத் தடுக்கும் ஊசியை, வளர்ச்சித் தாமதத்துக்குப் பயந்து வேண்டாமென்கிறோம்!

சரி, கண்டுபிடித்தாகிவிட்டது. கண்டுபிடித்து என்ன பயன்? பயிற்சி கொடுத்தால் மாறுமா? இந்தக் கேள்விக்கு ஒரு பழைய சான்று சொல்கிறோம்.

1930களில் அமெரிக்காவின் அயோவா மாநிலம். அங்கே ஓர் அநாதை இல்லம். தொட்டிலில் போட்டுப் பாலைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள்; தூக்க ஆளில்லை, பேச ஆளில்லை. ஹரால்டு ஸ்கீல்ஸ் என்ற உளவியலாளர், மந்தம் என்று முத்திரை குத்தப்பட்ட 13 சின்னஞ்சிறு குழந்தைகளை அங்கிருந்து வேறிடத்துக்கு மாற்றினார். எங்கே தெரியுமா? அறிவு வளர்ச்சி குன்றிய பெண்களைத் தங்க வைத்திருந்த இல்லத்துக்கு! அந்தப் பெண்கள் குழந்தைகளைத் தூக்கினார்கள், கொஞ்சினார்கள், பேசினார்கள், விளையாடினார்கள். பழைய இடத்திலேயே விடப்பட்ட 12 குழந்தைகளோடு பிறகு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மாற்றப்பட்டவர்களின் அறிவுத்திறன் அளவு சராசரியாக 28 புள்ளி ஏறியிருந்தது. விடப்பட்டவர்களுக்கு 26 புள்ளி இறங்கியிருந்தது. வளர்ந்து ஆளான பிறகு அவர்களைத் தேடிப் பிடித்து 1966இல் எழுதினார் ஸ்கீல்ஸ்: அந்த 13 பேரும் சொந்தக் காலில் நின்றார்கள்.

உலகம் ஒதுக்கிய பெண்கள், உலகம் ஒதுக்கிய குழந்தைகளைக் கரையேற்றினார்கள். தொடுவதும் பேசுவதும் விளையாடுவதும் மூளைக்கு உணவு. மூன்று வயதுக்குள் மூளை, பெரியவர் மூளையின் அளவில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை எட்டிவிடுகிறது. மண் ஈரமாக இருக்கும் காலம் அது. "பொறுத்துப் பார்" என்பவர், அந்த ஈரம் காயும் வரை பொறுக்கச் சொல்கிறார்!

மிகையாகச் சொல்லி ஏமாற்ற மாட்டோம். எல்லாக் குழந்தையும் பயிற்சியால் மற்றவரை எட்டிப் பிடித்துவிடும் என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். மூளை முடக்குவாதமும் டவுன் சிண்ட்ரோமும் ஆட்டிசமும் வாழ்நாள் நிலைகள். மூன்று மாதத்தில் அறவே போக்குகிறேன், ஸ்டெம் செல் ஊசியால் ஆட்டிசத்தை ஒழிக்கிறேன் என்று இலட்சக்கணக்கில் கேட்போரிடம் வீட்டை அடகு வைத்துக் கொடுக்க வேண்டாம். அதற்கு நிறுவப்பட்ட சான்று இல்லை. நடக்க முடியாது என்றிருந்த பிள்ளை கைத்தடியோடு நடப்பது, தானே சோறு அள்ளி உண்பது, "தண்ணி" என்று கேட்பது, படம் தொட்டுக்காட்டித் தன் விருப்பத்தைச் சொல்வது: பயிற்சி தருவது இவற்றை. இவை சின்ன வெற்றிகளா? அந்தத் தாயைக் கேளுங்கள்!

எங்கே போவது? பணம்? இதுதானே அடுத்த கேள்வி. சொல்கிறோம், குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் படி, உங்கள் தெருவுப் பால்வாடியும் ஆரம்ப சுகாதார நிலையமும். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி, நடமாடும் மருத்துவக் குழு பால்வாடிகளுக்கு ஆண்டுக்கு இரு முறையும், அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒரு முறையும் வர வேண்டும். பிறவிக் குறை, சத்துக்குறை, நோய், வளர்ச்சித் தாமதம் என்ற நான்கையும் பிறப்பு முதல் 18 வயது வரை அது பார்க்கிறது. குழு வரும் நாளைக் கேட்டு வையுங்கள். அன்று குழந்தையை வீட்டிலே நிறுத்திக்கொள்ளாதீர்கள்.

இரண்டாம் படி, மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையம். பெயர் நீளம், வேலை எளிது. மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ இருக்கும். குழந்தை டாக்டர், பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, காது-கண் பரிசோதனை எல்லாம் ஒரே இடத்தில், இலவசமாக. வழி தெரியாவிட்டால் 104 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் பேசிக் கேளுங்கள். காது கேளாத சிறு குழந்தைக்குக் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவை மருத்துவம், வெளியே இலட்சக்கணக்கில் ஆகும். 6 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் செய்கிறார்கள். வயது வரம்பைக் கவனியுங்கள். அங்கும் காலம்தான் வாயில் காப்போன்!

மூன்றாம் படி, சான்றிதழ். 1995ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளையே ஏற்றது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 அதை 21 ஆக்கியது. ஆட்டிசமும், கற்றல் குறைபாடும், பேச்சு மொழிக் குறைபாடும் அதில் இடம்பெற்றன. தேசிய அடையாள அட்டை வாங்கினால் பேருந்து, இரயில் சலுகை முதல் பலவற்றுக்கும் கதவு திறக்கும். அறிவுசார் குறைபாடு உள்ளோருக்கும் கடும் பாதிப்புள்ளோருக்கும் தமிழ்நாடு அரசு தரும் மாதாந்தரப் பராமரிப்பு உதவித்தொகை 1,500 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாக உயர்ந்தது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்க வேண்டும். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ், ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளோருக்கு 'நிராமயா' என்ற காப்பீடு இருக்கிறது. 1 இலட்சம் ரூபாய் வரை. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: சான்றிதழ் வரும் வரை பயிற்சியை நிறுத்தி வைக்க வேண்டியதில்லை.

நான்காம் படி, பள்ளி. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுள்ள பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி, அந்த 2016ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை. பக்கத்துப் பள்ளியிலும் சேரலாம், சிறப்புப் பள்ளியிலும் சேரலாம். "இந்தப் பிள்ளையை எங்களால் பார்த்துக்கொள்ள முடியாது" என்று பள்ளி சொன்னால், தலை குனிந்து திரும்ப வேண்டாம். சட்டத்தைச் சொல்லிக் கேளுங்கள். ஒன்றியத்து வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கு வரவே முடியாத பிள்ளைக்கு வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுக்கும் ஏற்பாடும் உண்டு.

அரசு மட்டுமா? தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடி. கடற்படை அதிகாரித் தேர்வில் தவறி விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். இராமகிருஷ்ணன், 1981இல் அங்கே அமர்சேவா சங்கத்தைத் தொடங்கினார். இன்று அதன் பணியாளர்கள் கிராமத்து வீடுகளுக்கே போய்ச் சிறு குழந்தைகளுக்குப் பயிற்சி தருகிறார்கள், தாய்க்கும் கற்றுத் தருகிறார்கள். சென்னையில் 1985இல் தொடங்கிய வித்யா சாகர், மூளை முடக்குவாதமுள்ள பிள்ளைகளோடு உழைத்து வருகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடுள்ளோருக்கான ஒன்றிய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது.

"எல்லாம் சரி அண்ணா. ஷிப்டை விட்டுட்டு வாரம் ரெண்டு நாள் ஆசுபத்திரிக்கு யாரு போவாங்க?" என்பீர்கள். நியாயம். கூலி போகும், முதலாளி முறைப்பான். ஆனால் மருத்துவமனையில் நடக்கும் பயிற்சி அரை மணி நேரம். மீதி நேரம் பயிற்சிக்கூடம் உங்கள் வீடு. சோறூட்டும்போது பெயர் சொல்லி ஊட்டுவது, குளிப்பாட்டும்போது கை கால் மூக்கு என்று தொட்டுச் சொல்வது, வேண்டியதைக் குழந்தை கேட்கும் வரை கொஞ்சம் காத்திருப்பது, இரவிலே பாட்டுப் பாடித் தூங்க வைப்பது. காசு செலவில்லை. அழுகையை நிறுத்தக் கைப்பேசியைக் கையில் கொடுப்பது மட்டும் வேண்டாம். 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே கூடாது என்று உலக நல அமைப்பு 2019இல் சொன்னது. கைப்பேசி குழந்தையிடம் பேசும்; குழந்தையின் பதிலுக்குக் காத்திருக்காது.

இந்த வேலை முழுவதையும் தாயின் தலையிலே கட்டிவிட்டு, "நான் கூட்டத்துக்குப் போகிறேன்" என்று கிளம்பும் தோழருக்கு ஒரு சொல். கூட்டம் நாளையும் நடக்கும். குழந்தையின் மூன்றாம் வயது நாளை மறுபடி வராது.

நமக்கும் ஒரு சொல் உண்டு. மேடையிலே எதிர்க்கட்சிக்காரரைத் தாக்க, "மூளை வளராதவர்", "செவிடர்", "ஊமை", "நொண்டி அரசு" என்று நாம் பேசியதில்லையா? கைத்தட்டல் வாங்கியதில்லையா? அந்தக் கைத்தட்டலுக்கு நடுவே, தோளில் குழந்தையைச் சுமந்தபடி ஒரு தகப்பன் கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருப்பான். கொள்கைக்காக வந்தவனை நம் சொல்லே குத்தியிருக்கும். அந்தச் சொற்கள் இனி நம் நாவில் வரா. அவை ஒளிந்துகொள்ளச் செய்வது நோயை அல்ல, குழந்தையை. கேலிக்குப் பயந்துதானே வீட்டுக்குள் வைத்துப் பூட்டுகிறார்கள்!

கிளைத் தோழர்களே! உங்கள் தெருவில் எத்தனை வாக்கு என்று விரல் நுனியில் சொல்கிறீர்கள். உங்கள் தெருவில் 3 வயதுக்குட்பட்ட குழந்தைகள் எத்தனை, அவற்றில் நடக்காதது எது, பேசாதது எது என்று சொல்ல முடியுமா? படிவம் நிரப்பத் தெரியாத தாய்க்கு நிரப்பிக் கொடுங்கள். வழி தெரியாத தகப்பனோடு ஒரு நாள் பேருந்தில் ஏறுங்கள். அலுவலகத்தில் "நாளை வா" என்றால் நாளையும் கூடப் போங்கள். சான்றிதழோ உதவித்தொகையோ யாரும் போடும் பிச்சையில்லை. சட்டம் தந்த உரிமை. கேட்டு வாங்கத் துணை வேண்டும், அவ்வளவுதான்.

அந்தத் தறித்தொழிலாளித் தோழரைச் சென்ற மாதம் மீண்டும் கண்டோம். குழந்தைக்குக் கருவி பொருத்தி ஆறு மாதம் ஆகியிருந்தது. வயது மூன்றரை. "ஆனா காதுக்கு வயசு ஆறு மாசந்தானுங்க, டாக்டர் சொன்னாங்க. ஆறு மாசக் குழந்தை மாதிரி அங்கிருந்து கத்துக்கணுமாம்" என்றார். மூன்றாண்டுப் பாக்கி, அதை அடைக்கப் புறப்பட்டிருக்கிறது அந்தக் குடும்பம். வாரந்தோறும் பயிற்சி. பாட்டிதான் கூட்டிப் போகிறாராம். ஆம், "காலம் வந்தாப் பேசுவான்" என்ற அதே பாட்டி!

"ஏதாவது பேசுகிறானா?" என்றோம்.

"இன்னும் இல்லீங்க. ஆனா போன வாரம் கரண்டு போயி தறி எல்லாம் ஒரேயடியா நின்னுச்சுங்க. விளையாடிட்டிருந்தவன் சட்டுன்னு தலையத் தூக்கி, தறியப் பாத்தானுங்க அண்ணா."

சத்தம் நின்றதை அவன் கேட்டிருக்கிறான்!

உங்கள் தெருவிலும் ஒரு குழந்தை, அழைத்தும் திரும்பாமல் விளையாடிக்கொண்டிருக்கலாம். "பொறுத்துப் பார்" என்று சொல்ல அங்கே ஆள் இருக்கிறது. "புறப்படு, போய்ப் பார்ப்போம்" என்று சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்களாக இருங்கள், தோழர்களே!